காவிரியின் வண்டல்: இலக்கியச் சான்றும் ஆற்றின் நெடுங்கால மாற்றமும்

ஆய்வுச் சுருக்கம்

காவிரி பற்றிய தமிழாய்வுகள் பெரும்பாலும் அதன் நீரையே பொருளாகக் கொண்டுள்ளன. அந்நீர் சுமந்து வந்த மண்ணும் மணலும் தனித்த ஆய்வுப்பொருளாகப் போதிய கவனம் பெறவில்லை. சங்க இலக்கியம், சிலப்பதிகாரம், செப்பேடுகள், கல்வெட்டுகள், ஊர்ப்பெயர்கள், சொல்வழக்குகள் ஆகியவற்றில் காவிரியின் படிவுகள் குறித்துக் கிடைக்கும் செய்திகளை இக்கட்டுரை தொகுத்துக் காண்கிறது. அவற்றை 19, 20ஆம் நூற்றாண்டுகளின் பாசனப் பொறியியல் வரலாற்றோடும் இன்றைய ஆற்றியல் அறிவோடும் ஒப்பிட்டு, காவிரியின் படிவுச் சுமையில் நேர்ந்த நெடுங்கால மாற்றத்தை மூன்று கட்டங்களாக வகுக்கிறது. இலக்கியச் சான்றினை இத்தகைய ஆய்வில் எந்த அளவிற்குப் பயன்படுத்தலாம் என்னும் முறையியல் வினாவிற்கும் விடை காண முயல்கிறது.

திறவுச்சொற்கள்: காவிரி, வண்டல், துருத்தி, எக்கர், கல்லணை, மேட்டூர் அணை, கழிமுகம்

1. முன்னுரை

குடகு மலையில் தலைக்காவிரியில் தோன்றி, ஏறத்தாழ 800 கி.மீ. ஓடி, வங்கக் கடலில் கலக்கும் ஆறு காவிரி. அதன் வடிநிலப் பரப்பு 81,155 சதுர கி.மீ. இப்பரப்பில் பெய்யும் மழை ஆற்றை அடையும்போது மலைச்சரிவின் மண்ணையும் பாறைத்துகளையும் உடன்கொண்டு வருகிறது. தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்களின் சமவெளி இவ்வாறு வந்து சேர்ந்த மண்ணால் பல்லாயிரம் ஆண்டுகளில் உருவானதாகும். ஆகவே காவிரி சோழநாட்டின் வழியே ஓடும் ஆறு என்பதினும், சோழநாட்டின் நிலத்தையே ஆக்கிய ஆறு என்பது பொருத்தம்.

இவ்வுண்மை நிலவியலார்க்குப் புதியதன்று. ஆயினும் காவிரி பற்றிய பொதுப்பேச்சு நீரின் அளவையே முதன்மையாகக் கொண்டுள்ளது. 2007ஆம் ஆண்டின் நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பும், 2018ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் டி.எம்.சி. என்னும் நீரளவையால் ஆற்றைப் பகிர்ந்தன. ஆறு சுமக்கும் மண்ணுக்குப் பங்கும் இல்லை, கணக்கும் இல்லை. மண்ணை நீக்கி நீரை மட்டும் ஆறாகக் கருதும் இப்பார்வை தமிழ் மரபிற்குரியதா என்பது இக்கட்டுரையின் முதல் வினா. காவிரி சுமந்த மண்ணின் அளவும் இயல்பும் காலப்போக்கில் எவ்வாறு மாறின என்பது இரண்டாம் வினா.

2. படிவின் இயல்பு

இலக்கியச் செய்திகளை மதிப்பிடுவதற்கு ஆறு மண்ணைச் சுமக்கும் முறையைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். ஆற்றுச் சுமை மூவகைப்படும். நீரில் கரைந்து வரும் உப்புகள் முதல் வகை. நீரோட்டத்தில் மிதந்து அதனைக் கலங்கச் செய்யும் நுண்துகள்கள் இரண்டாம் வகை. ஆற்றின் அடித்தளத்தில் உருண்டும் துள்ளியும் நகரும் பருமணலும் கூழாங்கற்களும் மூன்றாம் வகை. துகளின் பருமனை வைத்து, 0.004 மி.மீ.க்கும் சிறியதைக் களி என்றும், அதற்கு மேல் 0.0625 மி.மீ. வரை உள்ளதை வண்டல் என்றும், அதற்கு மேல் 2 மி.மீ. வரை உள்ளதை மணல் என்றும் பகுப்பர்.

நீரின் விரைவு மிகுந்தால் சுமக்கும் ஆற்றல் மிகும். விரைவு குறைந்தால் முதலில் பருமணலும், பின்னர் நுண்மணலும், இறுதியில் வண்டலும் களியும் படியும். இதனால் மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் இடத்திலும், ஆறு பிரியும் இடத்திலும், கடலை அணையும் இடத்திலும் படிவு மிகுகிறது. சுமை குறைந்த நீர் விரைந்து ஓடுமாயின், அது தன் படுகையையும் கரையையும் அரித்துச் சுமையை நிரப்பிக்கொள்ளும். இத்தகைய நீரை ஆற்றியலார் 'பசித்த நீர்' என வழங்குவர். இவ்விரு விதிகளும், அதாவது விரைவு குறையப் படிதலும் சுமை குறைய அரித்தலும், காவிரியின் வரலாற்றை விளங்கிக்கொள்ள இன்றியமையாதவை.

3. சொற்களில் பதிந்த படிவு

தமிழில் ஆற்றுப்படிவு குறித்த சொற்கள் பல. அவை ஒருபொருட் பன்மொழி போலத் தோன்றினும் நுட்பமான வேறுபாடு உடையவை. நுண்மணலை அயிர் என்றும், நீரோட்டம் வரிவரியாக ஒழுங்குபடுத்திய கருமணலை அறல் என்றும், நீரோ அலையோ குவித்த மணல்மேட்டை எக்கர் என்றும் சங்கப் புலவர் வழங்கினர். மகளிர் கூந்தலுக்கு அறலை உவமை கூறும் மரபு, ஓடும் நீரின் அடியில் மணல் பெறும் அலைவடிவத்தைக் கூர்ந்து நோக்கியதன் பயனாகும். கலங்கிய பெருக்கினைக் கலுழி என்னும் சொல் குறிக்கிறது. நீரின் நிறமாற்றமே அதன் சுமையைக் காட்டும் முதல் அறிகுறி என்பது இச்சொல்லில் அடங்கியுள்ளது.

வண்டல் என்னும் சொல்லின் வரலாறு தனித்துக் குறிப்பிடத்தக்கது. சங்கப் பாடல்களில் அது பெரும்பாலும் இளமகளிர் நீர்த்துறை மணலில் சிற்றில் இழைத்தும் பாவை செய்தும் ஆடும் விளையாட்டைக் குறிக்கிறது. அவ்வாறு செய்த பாவை வண்டற்பாவை எனப்பட்டது. பிற்காலத்தில் அச்சொல் நீர் கொணர்ந்து படியவைத்த மண்ணைக் குறிக்கும் பொதுச்சொல்லாக நிலைபெற்றது. ஆட்டமும் ஆட்டத்திற்குரிய பொருளும் ஒரே சொல்லால் சுட்டப்பெறுவதிலிருந்து, புதிதாகப் படிந்த ஈரமணல் அன்றைய வாழ்வில் ஆண்டுதோறும் எதிர்பார்க்கப்பட்ட ஒன்றாக இருந்தமை புலனாகிறது.

இடம் குறித்த சொற்களும் இவ்வாறே. ஆறு கடலோடு கலக்கும் இடம் புகார். ஆற்றின் நடுவே மணல் படிந்து உயர்ந்த திட்டு துருத்தி, அரங்கம் என்னும் பெயர்களைப் பெற்றது. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவு திருவரங்கம் ஆயிற்று. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை அவ்விடத்தைத் துருத்தி என்னும் சொல்லாலேயே சுட்டுகிறது. குத்தாலத்தின் பழம்பெயர் திருத்துருத்தி. திருவையாற்றை அடுத்துத் திருப்பூந்துருத்தி உள்ளது. இன்று குத்தாலத்தைக் காண்பவர்க்கு அது ஆற்றிடைத் தீவாகத் தோன்றாது. நிலவடிவம் மறைந்த பின்னும் பெயர் நின்றுள்ளது. ஆறு கிளை மாறியதற்கும், படிவினால் திட்டும் கரையும் ஒன்றானதற்கும் இத்தகைய பெயர்கள் துணைச்சான்றாகக் கூடும். சோழநாட்டின் துருத்தி, திட்டு, படுகை என முடியும் ஊர்ப்பெயர்களைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டும் பழைய ஆற்றுத்தடங்களோடு ஒப்பிடும் பணி இனிச் செய்யத்தக்கது.

4. பாட்டும் பெருக்கும்

பத்துப்பாட்டுள் கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையும் பட்டினப்பாலையும் காவிரியைச் சிறப்பிக்கின்றன. முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையின் இறுதிப்பகுதியில், மலையிலிருந்து அகிலும் சந்தனமும் முதலானவற்றைச் சுமந்து வரும் காவிரி, துறைதோறும் தன் சுமையை இறக்கி வைத்துச் செல்வதாகக் கூறப்படுகிறது. இது வழிச்செல்வோர் சுமைதாங்கியில் சுமையிறக்கி இளைப்பாறும் செயலை நினைவூட்டும் கற்பனை. ஆயினும் ஆறு சுமப்பது, சுமந்ததை ஓரிடத்தில் அன்றி இடந்தோறும் பகிர்ந்து இறக்குவது என்னும் இரு செய்திகளும் இதில் உள்ளன. இதே பகுதியில் ஒரு வேலி நிலம் ஆயிரம் கலம் விளையும் வளமும் பேசப்படுகிறது. சுமையிறக்கமும் விளைச்சலும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, கோள்நிலை பிறழ்ந்து வானம் பொய்த்த காலத்தும் காவிரி பொய்யாது என்று தொடங்கி, மலையில் தோன்றிக் கடலை அடையும் அதன் நீர் பரந்து பொன்னைக் கொழிப்பதாகக் கூறுகிறது. இப்பொன்னுக்கு மூன்று விளக்கங்கள் இயலும். மலைநிலத்துப் பொன்துகள் என்பது ஒன்று. விளைச்சலாகிய செல்வம் என்பது மற்றொன்று. பெருக்குக் காலத்தில் செம்மண் கலந்த நீரின் நிறம் என்பது மூன்றாவது. பொன்னி என்னும் பெயருக்கும் இவை பொருந்தும். மூன்றனுள் ஒன்றைத் தேர்ந்து முடிவுகட்டுவதற்குப் பாடலில் சான்று இல்லை. ஆனால் கொழித்தல் என்னும் வினை ஐயத்திற்கு இடமின்றி ஒரு செயலைக் காட்டுகிறது. முறத்தால் தானியத்தைக் கொழிப்பது போல, நீர் பருமனையும் நுண்மையையும் பிரித்து ஒதுக்குவதே கொழித்தல். ஆறு பரந்த இடத்தில் விரைவு குறைந்து, துகள்கள் பருமனுக்கேற்பப் பிரிந்து படியும் செயலுக்குத் தமிழில் இதனினும் பொருத்தமான சொல் காண்பது அரிது.

புகாரின் ஆற்றுமுகம் குறித்த புறநானூற்று 30ஆம் பாடலின் செய்தி வேறுவகையில் பயன்படுகிறது. சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியது இப்பாடல். பெருங்கலங்கள் பாயைக் களையாமலும் பாரத்தைக் குறைக்காமலும் புகாரினுள் புகும் என்கிறது அது. பழைய உரை இதனைத் துறையின் நன்மை கூறியதாகக் கொள்ளும். கடற்கலம் நிறைசுமையோடு நுழைவதற்கு ஆற்றுமுகத்தில் ஆழம் இருத்தல் வேண்டும். மணல்திட்டு அடைத்திருத்தல் கூடாது. புகாரை அடுத்த கீழையூரில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்த செங்கல் படகுத்துறை, கரிமக் கணிப்பின்படி கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியது. அது இன்று நீரோட்டமில்லாத நிலப்பகுதியில் உள்ளது. பூம்புகாரில் கடலை அடையும் இன்றைய காவிரியோ ஒரு சிறு கால்வாயளவே ஆனது. நீர்வரத்துக் குறைந்த மாதங்களில் அதன் வாயை மணல் அடைத்துக்கொள்கிறது.

இரு நிலைகளையும் ஒப்பிட்டு, பண்டைக் காவிரியில் நீர் மிகுதி என்று உடனே முடிவு செய்வது பொருந்தாது. ஆற்றின் முதன்மைக் கிளை புகாரை விட்டுக் கொள்ளிடத்திற்கு மாறியமை, கடலோர நீரோட்டம் மணலை நகர்த்துகின்றமை, மேலணைகள் பெருக்கைத் தடுக்கின்றமை ஆகியன யாவும் இம்மாற்றத்திற்குக் காரணமாகலாம். பாடல் காட்டுவது அக்காலத் துறையின் நிலையை மட்டுமே. அதுபோல, மணிமேகலை கூறும் புகாரின் கடல்கோளை வண்டல் குறைவோடு இணைப்பதற்கும் நூலில் இடமில்லை. கழிமுகத்தின் ஒரு கிளை வற்றினால் அங்கு மண்வரத்து நின்று கடலரிப்பு மேலோங்கும் என்பது பொதுவிதி. புகாருக்கு அது பொருந்துமா என்பதை மண்ணடுக்கு ஆய்வே உறுதிசெய்ய இயலும்.

5. முதற்கட்டம்: மிகுபடிவும் கரைகாவலும்

வண்டல் வளம் தருவது; மிகுமாயின் கேடும் தருவது. படுகை உயர்ந்தால் ஆறு கரையை மீறும். உடைப்பின் வழியே வரும் பருமணல் வயலை மூடும். கரிகாலன் காவிரிக்குக் கரை எடுப்பித்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடும், ரேநாட்டுச் சோழர்களின் மாலேபாடு செப்பேடும் குறிப்பிடுகின்றன. இச்செப்பேடுகள் பேசுவது கரையையே ஆகும். கல்லணையைக் கரிகாலன் கட்டினான் என்பது வழிவழி வந்த செய்தி. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்பது வரலாற்றுத் தெளிவிற்கு உதவும்.

திருவரங்கத்துக் கல்வெட்டுகள் சில, ஆற்றுப்பெருக்கால் மணல் மூடிப் பயிரின்றிக் கிடந்த நிலங்களைத் திருத்தித் தோட்டமாக்கிய செய்தியைத் தருகின்றன. பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் காவிரிக்கரை வினியோகம் என்னும் பெயரில் ஒரு கடமை காணப்படுகிறது. கரையைப் பேணுதல் குடிகளின் பொதுப்பொறுப்பாக இருந்ததை இது உணர்த்தும். வாய்க்கால்களில் ஆண்டுதோறும் படிந்த மண்ணை அகற்றும் தூர்வாரும் வழக்கமும், குடிமராமத்து முறையும் இப்பொறுப்பின் தொடர்ச்சியே. இந்நெடுங்கட்டத்தில் ஆற்றின் சிக்கல் மண் மிகுதியே அன்றி மண் குறைவு அன்று.

6. இரண்டாம் கட்டம்: பிரிவைக் கட்டுப்படுத்தல்

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடகிளையாகிய கொள்ளிடம் ஏறத்தாழ நேராகவும் மிகுந்த சரிவோடும் கடலை நோக்கி ஓடுகிறது. தென்கிளையாகிய காவிரி, உயர்ந்த நிலத்தில் பல கிளைகளாகப் பிரிந்து வயல்களுக்குப் பாய்கிறது. சரிவு மிகுந்த கிளை தன் படுகையை ஆழப்படுத்திக்கொள்ளும். சரிவு குறைந்த கிளை மண் படிந்து மேடிடும். இயற்கையின் போக்கிற்கு விட்டிருந்தால் காவிரிக்கிளை படிப்படியாகத் தூர்ந்து, நீர் முழுமையும் கொள்ளிடத்தில் சென்றிருக்கும். திருவரங்கத் தீவின் கீழ்முனையில் இவ்விரு கிளைகளும் மீண்டும் நெருங்கும் இடத்தில், காவிரி நீர் தாழ்ந்த கொள்ளிடத்தில் விழாமல் காப்பது கல்லணை. அதன் வளைந்த அமைப்பும் சரிந்த மேற்பரப்பும் வெள்ளத்தோடு வரும் மணலைக் கொள்ளிடத்திற்குத் தள்ள உதவியிருக்கும் எனப் பொறியியல் ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அங்ஙனமாயின், கல்லணை நீரைப் பிரிக்கும் அணை மட்டுமன்று. மணலைப் பிரிக்கும் அணையும் ஆகும்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரிக்கிளை மேடிட்டுத் தஞ்சைப் பாசனம் குன்றியது. ஆர்தர் காட்டன் இதனை ஆராய்ந்து, கல்லணையில் மணற்போக்கிகளை அமைக்கவும், 1836ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டவும் வழிசெய்தார். அதே காலத்தில் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் அணைக்கரையில் கீழணையும் எழுந்தது. மேலணை காவிரிக்கு நீரை மிகுதியாகத் திருப்பியது. அதனால் முன்பு தூர்ந்துவந்த காவிரிப்படுகை அரிப்புக்கு உள்ளாயிற்று. பின்னர் காவிரியின் தலைப்பிலும் கட்டுப்பாடு தேவைப்பட்டது. ஒரு கிளையில் நீரை மாற்றினால் இரு கிளைகளிலும் மண் மாறும் என்னும் பாடத்தை இந்நிகழ்ச்சி கற்பித்தது.

இக்கட்டத்திலேயே மலைப்பகுதியிலும் மாற்றம் தொடங்கியது. 1850களுக்குப் பின் குடகில் காடழித்துக் காப்பித் தோட்டங்கள் பரவின. காடு நீங்கிய சரிவில் மண்ணரிப்பு மிகுவது இயல்பு. எனவே ஆற்றிற்கு வந்த மண்ணின் அளவு இக்காலத்தில் கூடியிருக்க வாய்ப்புண்டு.

7. மூன்றாம் கட்டம்: தேக்கமும் அகழ்வும்

1911இல் தொடங்கி 1930களின் தொடக்கத்தில் நிறைவுற்ற கிருஷ்ணராஜசாகரமும், 1934 ஆகஸ்டு 21 அன்று திறக்கப்பட்ட மேட்டூர் அணையும் காவிரியின் இயல்பை அடிப்படையில் மாற்றின. கல்லணையும் மேலணையும் நீரைத் திருப்பியவை. இவையோ நீரைத் தேக்கின. மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இத்துணைப் பெரிய நீர்ப்பரப்பில் ஓட்டம் அடங்கிவிடுவதால், பருமணல் தேக்கத்தின் தலைப்பிலும் வண்டல் உட்பகுதியிலும் படிந்துவிடுகின்றன. அணையிலிருந்து வெளிவருவது பெரும்பாலும் தெளிந்த நீர். பின்னர்ப் பவானிசாகர், அமராவதி, கபினி, ஹேமாவதி முதலிய அணைகள் துணையாறுகளிலும் எழுந்தன. மலையிலிருந்து கழிமுகம் வரை இடையறாது சென்ற மண்ணின் பயணம் பல இடங்களில் தடைப்பட்டது.

இது காவிரிக்கு மட்டும் உரிய நிலையன்று. ஜேம்ஸ் சிவிட்ஸ்கியும் அவர்தம் குழுவினரும் 2005இல் வெளியிட்ட உலகளாவிய ஆய்வு, மாந்தர் செயல்களால் ஆறுகளில் சேரும் மண் ஆண்டுக்கு 230 கோடி டன் கூடியுள்ளது என்றும், ஆயினும் நீர்த்தேக்கங்கள் தடுப்பதால் கடலை அடையும் மண் 140 கோடி டன் குறைந்துள்ளது என்றும் கணித்தது. நிலம் மிகுதியாக அரிக்கப்படுகிறது. கடற்கரையோ மண்ணின்றி வாடுகிறது. நைல் ஆற்றில் அஸ்வான் உயரணை 1970இல் முடிவுற்ற பின், முன்னர் ஆண்டுக்குப் பத்துக் கோடி டன்னுக்கு மேல் சென்ற மண் கழிமுகத்தை அடைவது ஏறத்தாழ நின்றுபோனது. சீனத்தின் மஞ்சள் ஆறு முன்பு ஆண்டுக்கு 160 கோடி டன் வண்டலைச் சுமந்தது. அண்மைக் காலத்தில் அதன் பத்தில் ஒரு பங்கே கடலை அடைகிறது. அங்கு அணைகளோடு மண்காப்புப் பணிகளும் இக்குறைவுக்குக் காரணமாயின.

காவிரியில் தேக்கத்தோடு அகழ்வும் சேர்ந்துகொண்டது. கட்டுமானத் தேவை பெருகியதால் ஆற்றுமணல் சந்தைப்பொருளாயிற்று. 2003இல் தமிழ்நாடு அரசு மணல் எடுக்கும் பணியைத் தன் பொறுப்பில் ஏற்றது. இங்கு ஒரு கணக்கைத் தெளிவுபடுத்த வேண்டும். மேட்டூருக்குக் கீழ் உள்ள மணற்படுகை பல நூற்றாண்டுகளில் சேர்ந்தது. மேலிருந்து வரும் மணலை அணை நிறுத்திவிட்டது. கீழே சேரும் துணையாறுகளின் வரத்தும் அணைகளால் குறைந்துள்ளது. ஆகவே எடுக்கப்படும் மணல் ஆண்டு விளைவன்று, அது சேமிப்பு. விளைந்த நெல்லை உண்பது வேறு, விதைநெல்லை உண்பது வேறு. வரத்து நின்ற ஆற்றில் மணல் அள்ளுவது இரண்டாவது வகையைச் சார்ந்தது.

படுகை தாழ்ந்தால் வாய்க்கால் தலைப்புகள் ஆற்றுமட்டத்திற்கு மேல் நின்றுவிடும். நீர் ஏறிப் பாயாது. மணலில் தங்கி ஊறிய நிலத்தடி நீர் குன்றும். பாலங்கள், அணைகள் ஆகியவற்றின் அடித்தளம் வெளிப்படும். 2018 ஆகஸ்டு 22 அன்று முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் வெள்ளத்தில் வீழ்ந்தபோது, கட்டுமானத்தின் முதுமையும் மணலகழ்வும் காரணங்களாகப் பேசப்பட்டன. அந்நிகழ்ச்சிக்கு ஒற்றைக் காரணம் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. படுகை மேடிடுவதைத் தடுக்கப் பிறந்த ஓர் அணையைச் சுற்றி, படுகை தாழ்வது பற்றிய கவலை எழுந்தமையே இங்குக் கருதத்தக்கது. 182 ஆண்டுகளில் ஆற்றின் சிக்கல் தலைகீழாக மாறியுள்ளது.

மற்றொரு முரணும் உண்டு. 2017 கோடையில், அணை கட்டப்பட்ட பின் முதன்முறையாக மேட்டூர் நீர்த்தேக்கத்தில் வண்டல் அள்ளும் பணி தொடங்கப்பெற்றது. உழவர் அதனைத் தம் நிலத்திற்கு உரமாகக் கொண்டுசென்றனர். ஆறு தானே கொண்டுசென்று வயலில் பரப்பிய மண்ணை வண்டிகள் சுமக்கும் நிலை வந்தது. அவ்வண்டிகள் செல்லும் தொலைவு அணையை அடுத்த ஊர்களின் அளவே. கழிமுகம் வரை அவை செல்வதில்லை.

8. கழிமுகத்தின் நிலை

கழிமுக நிலம் நிலைத்த நிலமன்று. மென்மண் தன் எடையால் இறுகி ஆண்டுதோறும் சிறிது தாழும். புதுமண் படியும் வரை அத்தாழ்வு ஈடுசெய்யப்படும். மண்வரத்துக் குறைந்து, கடல்மட்டமும் உயரும்போது, உவர்நீர் உட்புகுதலும் கரையரிப்பும் எளிதாகின்றன. கொள்ளிடக் கழிமுகத்தை அடுத்த பிச்சாவரத்திலும், கழிமுகத்தின் தென்முனையில் முத்துப்பேட்டையிலும் உள்ள அலையாத்திக் காடுகள் நன்னீரும் நுண்மண்ணும் வந்து சேர்வதையே சார்ந்துள்ளன.

இப்பின்னணியில், ஆற்றுநீர் கடலில் வீணாகக் கலக்கிறது என்னும் தொடரை மறுபரிசீலனை செய்தல் வேண்டும். 2007ஆம் ஆண்டின் இறுதித் தீர்ப்பில் சூழல் காப்பிற்கு 10 டி.எம்.சி.யும், தவிர்க்க இயலாது கடலுக்குச் செல்லும் நீருக்கு 4 டி.எம்.சி.யும் ஒதுக்கப்பட்டன. அவ்வொதுக்கீடும் நீர் குறித்ததே. கடலை அடையும் பெருக்கு மண்ணைக் கொண்டுசென்று கரையைக் காக்கிறது என்பது கணக்கில் வருவதில்லை. புகாரையும் கானலையும் ஆற்றின் நிறைவிடமாகக் கொண்ட பழந்தமிழ்ப் பார்வையில், கடலோடு சேர்தல் காவிரியின் சிறப்பாகவே பேசப்பட்டது. சிலப்பதிகாரத்தின் கானல்வரி ஆற்றின் நடையைப் பாடுவது அது கடலை அடையும் இடத்தில் நின்றே ஆகும்.

9. முறையியல் குறிப்பு

இலக்கியத்திலிருந்து படிவின் அளவைப் பெற இயலாது. காவிரி ஆண்டுக்கு எத்துணை மண் சுமந்தது என்பதைப் பாட்டு கூறாது. அவ்வாறு கூறுவதாகக் கொண்டு பழந்தமிழர் ஆற்றியலை அளந்தறிந்தனர் என்று புகழ்வது ஆய்வுநெறிக்கு ஏற்றதன்று. பாட்டு தருவன மூன்று. ஒன்று, செயல்முறை: சுமத்தல், கொழித்தல், இறக்குதல். இரண்டு, இடம்: துருத்தி, அரங்கம், எக்கர், புகார். மூன்று, மாந்தர் எதிர்வினை: வண்டல் ஆடுதல், கரையெடுத்தல், தூர்வாரல். அளவினை மண்ணடுக்கு ஆய்வும் நீரளவை நிலையங்களும் தருதல் வேண்டும். இரண்டும் ஒன்றை ஒன்று நிரப்புவனவே அன்றி ஒன்றற்கு மாற்றாக மற்றொன்று அமையாது.

10. முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. தமிழ் மரபு காவிரியை நீரும் மண்ணும் சேர்ந்த ஒன்றாகவே கண்டது. அயிர், அறல், எக்கர், வண்டல், துருத்தி முதலிய சொற்கள் இதற்குச் சான்று. ஆற்றை நீரளவாக மட்டும் காண்பது பிற்காலப் பார்வை.

2. பொருநராற்றுப்படையின் சுமையிறக்கமும் பட்டினப்பாலையின் கொழித்தலும் வெறும் புனைந்துரை அல்ல. படிவுச் செயலின் கூர்ந்த நோக்கை அடிப்படையாகக் கொண்டவை.

3. காவிரியின் படிவு வரலாறு மிகுபடிவைக் கரையால் காத்தல், பிரிவை அணையால் கட்டுப்படுத்தல், தேக்கத்தாலும் அகழ்வாலும் படிவை இழத்தல் என மூன்று கட்டங்களாக அமைகிறது. முதலிரு கட்டங்களின் சிக்கல் படுகை உயர்வு. மூன்றாம் கட்டத்தின் சிக்கல் படுகைத் தாழ்வு.

4. துருத்தி, திட்டு, படுகை எனும் ஊர்ப்பெயர்களின் முறையான தொகுப்பு, காவிரியின் பழந்தடங்களை ஆராயும் நிலவியலார்க்குத் தமிழ்த்துறை அளிக்கத்தக்க பங்களிப்பாகும்.

5. காவிரி குறித்த பங்கீட்டிலும் திட்டமிடலிலும் மண்வரத்து தனியே அளவிடப்பட்டுக் கணக்கில் கொள்ளப்படுதல் வேண்டும்.

தூர்வாருதல் என்னும் சொல் இன்றும் சோழநாட்டில் ஒவ்வோர் ஆண்டும் ஒலிக்கிறது. சிற்றாறுகளும் வாய்க்கால்களும் தூர்ந்திருக்கப் பேராறு மணலின்றி ஆழ்ந்துபோதல் ஒரே ஆற்றமைப்பில் காணும் இருவேறு நோய்கள். இரண்டும் மண் தன் இடத்தை அடையாமையால் விளைந்தவை. மண்ணின் வழியை அறியாது நீரின் வழியை மட்டும் செப்பனிடுவது நிறைவான தீர்வாகாது.